இடது பக்கம் சுருங்கியிருந்தது

அன்று செவ்வாய்க்கிழமை, காலை முதல் பாடவேளை. ஏழாம் வகுப்புக்கு நீர் சுழற்சி நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் கடலும் மேகமும் மலையும் வரைந்து, அம்புக்குறி போட்டு முடித்து, கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே திரும்பினேன். முன்வரிசையில் ஒரு பெண் தயங்கி எழுந்தாள்.

"டீச்சர், இத நேத்தே நடத்திட்டீங்க."

மற்ற பிள்ளைகளைப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். புரியாதவர்களுக்காக இன்னொரு முறை நடத்தினேன் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "சரி, நேத்து என்ன சொன்னேன்னு நீயே சொல்லு பாப்போம்" என்றேன்.

அவள் அழகாகச் சொன்னாள். குரங்கணிப் பக்கம் மலையில் பெய்கிற மழை கொட்டகுடி ஆற்றில் இறங்கி, வைகையில் சேர்ந்து, கடைசியில் மறுபடியும் மேகமாகி நம் தலைக்கு மேலே வந்து நிற்கும் என்றாள். நல்ல உதாரணமாக இருந்தது. அது நேற்று நான் சொன்னதாம். முதல் தடவையாகக் கேட்பவளைப் போல நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

எனக்கு வலிப்பு உண்டு. கீழே விழுந்து கைகால் இழுத்து வாயில் நுரை தள்ளுகிற மாதிரி வருவது அபூர்வம். பெரும்பாலும் வெளியே தெரியாது. வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று மெல்ல எழும்பி நெஞ்சுக்கு வரும். இந்த நிமிஷம் முன்பே ஒரு தடவை நடந்தது போலத் தோன்றும். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. பார்த்தவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கண் திறந்தபடியே இருக்குமாம், வாயைச் சப்புக்கொட்டுவேனாம், முந்தானையை விரலால் தடவிக்கொண்டே நிற்பேனாம். கொஞ்ச நேரத்தில் தெளிந்து, என்ன கேட்டீர்கள் என்பேனாம். மகள் பிறந்த பிறகு தொடங்கியது இது. போடியில் ஒரு மருத்துவர் மாத்திரை கொடுத்தார். அதைத் தவறாமல் சாப்பிட்டேன். வருவது குறைந்ததே தவிர நிற்கவில்லை.

வலிப்பை விட மறதிதான் என்னை அதிகம் வாட்டியது. கொழுந்தனாரின் கல்யாணம் பக்கத்து ஊரான தேவாரத்தில் நடந்தது. ஆல்பத்தில் நான் சந்தன நிறச் சேலை கட்டி, மணமகளுக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். அந்த நாளில் ஒரு துண்டுகூட எனக்கு நினைவில் இல்லை. "முகூர்த்தத்துக்கு மொத நா யானை வந்து பொண்ணு வீட்டு வாழையப் பூரா அழிச்சுச்சே, அதுகூடவா மறந்துபோச்சு?" என்று என் நாத்தனார் கேட்டாள். யானையும் மறந்துதான் போயிருந்தது. மகள் முதல் நாள் பள்ளிக்கூடம் போனதும் அப்படித்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முன்பே ஒரு ஸ்கேன் எடுத்திருந்தோம். மாறுதல் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அது எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. தலைக்குள் ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான் என்றார்கள் சொந்தக்காரர்கள். மறதி யாருக்குத்தான் இல்லை என்றார்கள் உடன் வேலை பார்ப்பவர்கள். ஒரே பாடத்தை இரண்டு தரம் நடத்திய செய்தி தலைமையாசிரியையின் காதுக்கும் போனது. அவர் கெட்டவர் இல்லை. என்னை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மெதுவாகச் சொன்னார்.

"கொஞ்ச காலத்துக்கு லைப்ரரியப் பாத்துக்கோங்க. கிளாஸ் டென்சன் இருக்காது. உங்களுக்கும் நல்லது."

"எனக்கு லீவு குடுங்க மேடம்," என்றேன். "என்ன ஏதுன்னு தெரிஞ்சிட்டு வர்றேன். அதுக்கு அப்புறம் நான் எங்க உக்காரணும்னு பேசுவோம்."

 சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எனக்குள் ஏதோ ஒன்று சரியில்லை, அது மனசு இல்லை என்பது எனக்குத் தெரியும். அதை யாராவது கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறார். விடிகிற நேரத்தில் தோட்ட வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போவார். சாயங்காலம் அவர்களைக் கீழே கொண்டுவந்து விடுவார். ஜீப்பைக் கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டு என்னோடு மதுரைக்குக் கிளம்பினார். மலையில் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருக்கும் என் அம்மாவும் இறங்கி வந்தாள். மூவரும் போடியிலிருந்து ரயிலில் போனோம்.

மதுரையில் நாங்கள் பார்த்த நரம்பியல் மருத்துவர் என் வயதை ஒட்டிய பெண். பழைய ஸ்கேனை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். குறை சொல்லவில்லை. தலை முழுக்கப் பொதுவாகப் பார்க்கிற படம் இது என்றார். வலிப்புக்கென்றே எடுக்கிற முறை வேறு, அதில் குறிப்பிட்ட இடத்தை மட்டும் மெல்லிய மெல்லிய துண்டுகளாகப் பார்க்கலாம், இன்னொரு தடவை எடுப்போம் என்றார். பிறகு என் அம்மாவைப் பார்த்து, "சின்னப் பிள்ளையில காய்ச்சல்ல இவங்களுக்கு வலிப்பு வந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

அம்மா இதுவரை என்னிடம் சொல்லாத ஒன்றை அவரிடம் சொன்னாள்.

"வந்துச்சும்மா. பால்குடி மறக்கல இன்னும். தோட்டத்துல காய் எடுக்கப் போயிருந்தேன். காய்ச்சல் அனலாக் கொதிக்குதுன்னு ஆள் விட்டாங்க. ஓடி வந்து பாத்தா பிள்ளைக்குக் கண்ணு மேல சொருகிருச்சு, இழுத்துக்கிட்டே கெடக்குது. ஜீப்பு கெடச்சு, ஒவ்வொரு வளைவா எறங்குறோம், இழுப்பு நிக்கவே இல்ல. மெட்டுல ஆரம்பிச்சு அடிவாரத்து முந்தல் வர்ற வரைக்கும் மடியிலயே வெட்டி வெட்டி இழுத்துச்சு. ஆஸ்பத்திரியில ஊசி போட்டுத்தான் அடங்குச்சு. பெறகு நல்லாத்தான இருந்தா. அதான் சொல்லல."

மருத்துவர் அதை எழுதிக்கொண்டார். அம்மாவின் கையை ஒரு தரம் தொட்டார். "நீங்க வெரசாத்தான் கொண்டு வந்திருக்கீங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்றார்.

ஸ்கேன் எடுக்கிற குழாய்க்குள் படுத்திருந்தபோது பயமாகத்தான் இருந்தது. தலையை அசையாமல் கட்டிவைத்துவிட்டு, காதுக்குப் பஞ்சு வைத்தார்கள். தகரக் கொட்டகை மீது யாரோ ஓயாமல் தட்டுகிற மாதிரி சத்தம். அசையக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். இந்தத் தடவை என்ன இருந்தாலும் தெரிந்துவிட வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

மறுநாள் மருத்துவர் எங்களைக் கணினித் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார். காதுக்கு மேலே, கன்னப்பொட்டுக்கு உட்புறமாக, மூளையின் இரண்டு பக்கமும் ஒரு சிறிய பகுதி உண்டு. ஹிப்போகாம்பஸ் என்று பெயர். கடல்குதிரை மாதிரி வளைந்திருப்பதால் அந்தப் பெயர் என்றார். புதிதாகக் கேட்பதை, படிப்பதை, பார்ப்பதைப் பதிய வைக்கிற வேலை அங்கே நடக்கிறதாம். வலது பக்கத்துக் கடல்குதிரை கொழுகொழுவென்று இருந்தது. இடது பக்கத்தில் இருந்தது ஒடுங்கி, வெள்ளை பூத்துக் கிடந்தது.

என் வீட்டுக்காரர் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். "ஒண்ணு நல்லாத் தெரண்ட எட்டு மில்லிக் காய். இன்னொண்ணு சுக்காப் போன காய்" என்றார். ஏலக்காய் தரம் பிரிக்கும் ஊர்க்காரர் வேறு எப்படிச் சொல்வார். மருத்துவருக்கும் அது பிடித்துவிட்டது. "அதேதான். குழந்தையில வந்த அந்த நீளமான வலிப்புல இந்த எடம் புண்ணாயிருக்கலாம். அந்தத் தழும்புலருந்துதான் இப்ப வலிப்பு கெளம்புது. மறதிக்கும் பாதிக் காரணம் இதான்" என்றார்.

மீதிப் பாதி என்ன என்று கேட்டேன். அடிக்கடி வருகிற வலிப்பு, யாருக்கும் தெரியாமல் தூக்கத்தில் வருகிறவை, சாப்பிடுகிற மாத்திரைகள், கவலை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். படத்தை மட்டும் வைத்து ஞாபகத்தை எடைபோட முடியாது, சிலருக்குப் படத்தில் இதைவிட மோசமாக இருந்தும் ஞாபகம் நன்றாக இருக்கும், சிலருக்குப் படம் சுத்தமாக இருந்தும் மறதி இருக்கும் என்றார்.

எனக்கு அழுகை வந்தது. துக்கத்தில் இல்லை. இத்தனை வருஷமாக என்னைப் பொறுப்பில்லாதவள் என்று நினைத்தவர்களில் நானும் ஒருத்தி. அந்தச் சுருங்கிய வெள்ளைத் துணுக்கைப் பார்த்ததும், நான் சோம்பேறி இல்லை என்று ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது.

அடுத்து வந்த நாட்களில் நிறையப் பரிசோதனைகள். தலை முழுக்க ஒயர் ஒட்டி, கேமரா வைத்த அறையில் படுக்கவைத்து, மாத்திரையைக் குறைத்து, வலிப்பு வருகிறதா என்று பார்த்தார்கள். வந்தது. இடது பக்கத்திலிருந்துதான் கிளம்பியது.

ஞாபகத்தைச் சோதித்தவர் ஒரு உளவியலாளர், அமைதியான மனிதர். காய்கறி வியாபாரம் செய்யும் ஒரு பெண் பேருந்தில் பையைத் தவறவிட்ட கதையை நிதானமாக வாசித்தார். நான் கவனமாகக் கேட்டேன். வேறு ஏதேதோ கேள்விகள் கேட்டு முடித்துவிட்டு, "அந்தக் கதையச் சொல்லுங்க" என்றார். பேருந்து ஒன்று வந்தது ஞாபகம் இருந்தது. அதில் யார் போனார்கள் என்பது இல்லை. பிறகு, முன்னால் நான் பார்த்து வரைந்த ஒரு சிக்கலான கோட்டுப்படத்தை, பார்க்காமல் மறுபடி வரையச் சொன்னார். கை தானாகப் போனது. ஏறக்குறைய முழுப் படமும் வந்துவிட்டது. நான் வரைந்ததைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் முதல் தடவையாகச் சிரித்தார். சொற்களைப் பதிக்கிற பக்கம் நலிந்திருக்கிறது, உருவங்களைப் பதிக்கிற பக்கம் திடமாக இருக்கிறது, படம் காட்டியதும் இதுவும் ஒத்துப்போகிறது என்றார்.

பேச்சு மூளையின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க மறுபடியும் குழாய்க்குள் போனேன். இந்தத் தடவை காதில் ஒரு குரல் எழுத்தைச் சொல்லும், அதில் தொடங்குகிற சொற்களை வாயசைக்காமல் மனசுக்குள் சொல்ல வேண்டும். "க" என்றது குரல். கத்தரிக்காய், கவாத்து, கம்பளி, கருக்கல், கங்கு, கண்மாய் என்று வரிசைகட்டி வந்தன. எனக்கே வியப்பாக இருந்தது. சொற்கள் என்னை விட்டுப் போகவில்லை. புதிதாக வருகிறவற்றுக்குத்தான் உட்கார இடம் இல்லாமல் இருந்தது. பேச்சு இடது பக்கத்தில்தான் இருக்கிறது என்று அந்தப் படம் காட்டியது.

எல்லாம் கையில் வந்த பிறகு மருத்துவர் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசினார். அந்தத் தழும்பை எடுத்துவிட்டால் வலிப்பு நிற்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார். என் வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு முன்னால் நகர்ந்தார்.

"என்னைய மறந்துருவாளா? பிள்ளைய?"

"மறக்க மாட்டாங்க," என்றார் மருத்துவர். "பழைய ஞாபகமெல்லாம் இந்த ஒரு எடத்துல மட்டும் இல்ல. புதுசாக் காதுல விழுறதப் பதிய வைக்கிறதுல கொஞ்சம் கொறையலாம். ஒண்ணுமே கொறையாதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா படத்துல இந்த எடம் சுருங்கியிருக்கு, டெஸ்ட்லயும் அந்த வேலைய அது ஏற்கெனவே சரியாச் செய்யல. அதனால எழக்குறது கம்மியாத்தான் இருக்கும். இதே எடம் படத்துல நல்லா இருந்து, ஞாபகமும் நல்லா இருந்தா, நான் இவ்வளவு தைரியமாப் பேச மாட்டேன்."

எனக்கு ஒரு கேள்வி இருந்தது. கேட்க வெட்கமாக இருந்தாலும் கேட்டேன். "மறந்துபோன நாளெல்லாம் இந்தப் படத்துல எங்கயாவது இருக்கா டாக்டர்?"

"இல்லம்மா. படம் எடத்தத்தான் காட்டும். உள்ள என்ன இருந்துச்சுன்னு காட்டாது. பதியாமலே போனதத் தேடி எடுக்கவும் முடியாது."

அவர் மழுப்பாமல் சொன்னதால்தான் அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

திரும்பவும் ரயிலில் வந்தோம். ஆண்டிபட்டி தாண்டிய பிறகு என் வீட்டுக்காரர், "நீ இப்பிடியே இரு" என்றார். "மறந்தா மறந்துட்டுப் போ. உனக்கும் சேத்து நான் ஞாபகம் வச்சிக்கிறேன்."

அந்த வார்த்தை என்னை உருக்கிவிட்டது. இருந்தாலும் அதற்கு நான் மடங்கவில்லை. "நீங்க இருட்டோட மெட்டுக்குக் கெளம்பிருவீங்க. பொழுது சாயத்தான் எறங்குவீங்க. எடையில நான் என்ன செஞ்சேன்னு யாரு ஞாபகம் வப்பா? போன மாசம் அடுப்புல பால வச்சிட்டு அப்பிடியே நின்னேனே, நம்ம பிள்ளதான ஓடியாந்து கேஸ அமத்துச்சு? அந்த வயசுல பிள்ள செய்ற சோலியா அது?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பக்கத்தில் தூங்குவது போல இருந்த அம்மா கண்ணைத் திறக்காமலே, "அவ செஞ்சுக்கட்டும் மாப்ளே. அவ தலை" என்றாள். போடி ஸ்டேஷனில் இறங்கும்போது அவர் என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு, "எப்ப வரச் சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டார்.

பள்ளி ஆண்டு முடிந்த பிறகு அறுவை சிகிச்சை நடந்தது. கண் விழித்ததும் முதலில் தெரிந்தது அவர் முகம். அவர் பெயரைச் சொல்லி, மகள் பெயரையும் சொன்னேன். அவர் வெளியே போய்விட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அடுத்த சில வாரங்கள் லேசாக இல்லை. தெரிந்த சொற்கள் தொண்டையில் நின்றுகொண்டன. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "இத என்னமோ சொல்லுவோமே" என்று நிற்பேன். மகள் சொல்லிவிடத் துடிப்பாள். "சொல்லாத. நானே எடுக்குறேன்" என்பேன். சில தடவை எடுத்தேன். சில தடவை அவளே சொன்னாள். தினமும் ஒரு பாடத்தை உரக்கப் படித்து, புத்தகத்தை மூடிவிட்டு, சுவரைப் பார்த்து நடத்தினேன். சொற்களாக நிற்காததைப் படமாக வரைந்து பார்த்தேன். படமாக வைத்தது நின்றது. உளவியலாளர் சொன்ன அந்தத் திடமான பக்கத்தை வேலைக்கு வைத்துக்கொண்டேன்.

ஒரு வருஷம் கழித்து மறுபடி சோதித்தார்கள். சொற்களில் முன்பிருந்ததை விடக் கொஞ்சம் இறங்கியிருந்தேன். உருவங்களில் அப்படியே இருந்தேன். வலிப்பு அதன் பிறகு வரவில்லை. மாத்திரை தொடர்கிறது, அளவு குறைந்திருக்கிறது. இழந்தது கொஞ்சம் உண்டு. ஆனால் நாட்கள் நடுவில் அறுந்துபோவது நின்றுவிட்டது. காலையில் நடந்ததைச் சாயங்காலம் அவரிடம் என்னால் சொல்ல முடிகிறது. எனக்கு அந்தப் பேரம் கட்டுபடியாகிறது. தேவாரத்துக் கல்யாணம் வரவில்லை. அதைத் தேடுவதை நிறுத்திவிட்டேன்.

தலைமையாசிரியையிடம் போய் என் வகுப்பைக் கேட்டேன். நான் நடத்தும் விதத்தை மாற்றிக்கொண்டதைச் சொன்னேன். பிள்ளைகளில் ஒருவர் எழுந்து முந்தைய நாள் பாடத்தைச் சொன்ன பிறகுதான் என் வகுப்பு தொடங்கும். பெயர்கள் தங்காததால், யார் எங்கே உட்காருகிறார்கள் என்று முகமும் இடமுமாக வைத்துக்கொள்வேன், இடம் மாறினால் முதலில் என்னிடம் சொல்ல வேண்டும். அவர் யோசித்தார். "ஒரு பருவம் பாப்போம்" என்றார். அந்தப் பருவம் முடிந்தது. அவர் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

இந்த ஆண்டு மழைக்காலம் தொடங்கியபோது காலை வழிபாட்டில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி விழுந்து இழுக்கத் தொடங்கினாள். ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். ஒருவர் சாவிக்கொத்தை அவள் கையில் திணிக்க வந்தார். நான் அதை வாங்கித் தள்ளி வைத்துவிட்டு, அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே என் கைப்பையை வைத்தேன். "யாரும் பிடிக்காதீங்க. வாயில எதையும் வைக்காதீங்க. காத்து வரட்டும், தள்ளி நில்லுங்க" என்றேன். கொஞ்ச நேரத்தில் அடங்கியது. அவள் கண் திறக்கும்வரை பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்திருந்தேன்.

மதியம் அவளுடைய அப்பா ராசிங்காபுரத்திலிருந்து வயல் வேலையைப் போட்டுவிட்டு வந்தார். வேட்டியில் சேறு காயவில்லை. வெளியே சொல்ல வேண்டாம் என்று தலைமையாசிரியையிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று வந்தால் தடையாகிவிடும் என்றார். என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நான் அவருக்கு எதிரில் உட்கார்ந்து, தலைமுடியை ஒதுக்கி, காதுக்கு முன்னால் இறங்குகிற தழும்பைக் காட்டினேன். "எனக்கும் இருந்துச்சுண்ணே. மதுரையில வைத்தியம் பாத்தேன். நீங்க முதல்ல நரம்பு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க. ஸ்கேன் எடுக்கச் சொன்னா, வலிப்புக்குன்னு எடுக்குறதான்னு கேளுங்க. அதுல ஒண்ணுமில்லன்னு வந்தாலும், பிள்ள மறக்குதுன்னு சொன்னா நம்புங்க. ஞாபகத்தையும் சோதிக்கச் சொல்லுங்க."

"ஆபரேசன் பண்ணணுமா டீச்சர்?"

"பாதிப் பேருக்கு மேல மாத்திரையிலயே அடங்கிரும். பயப்படாதீங்க."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "படிப்பு வருமா?" என்று கேட்டார்.

"வரும். மத்த பிள்ளைகளுக்கு வர்ற மாதிரி வராம இருக்கலாம். வேற வழியில வரும். அந்த வழிய நான் பாத்துக்கிறேன். நீங்க மாத்திரைய மட்டும் நிறுத்திராதீங்க."

அவர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டார். எந்த ரயிலில் போக வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டார். எழுதித் தருகிறேன் என்றேன். வேண்டாம், வாயாலேயே சொல்லுங்கள், எனக்கு எழுதப் படிக்க வராது என்றார். மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். அவர் அதைத் திருப்பிச் சொன்னார். சரியாக இருந்தது.